ஆணி இறங்காத பலகை

கொட்டியாரக் குடாவின் தென்கரையில், மூதூருக்கு அப்பால் இருக்கும் அந்தச் சின்ன மீன்பிடிக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. கடலிலிருந்து போட் ஒன்று வந்தால், மணலில் நிற்கிற எவரும் ஓடிப்போய் அதன் விளிம்பில் கை வைக்க வேண்டும். கூப்பிடத் தேவையில்லை. காணிச் சண்டையில் கோர்ட் ஏறிய அண்ணனும் தம்பியும்கூட அந்த நேரத்தில் பக்கத்துப் பக்கத்தில் நின்று தள்ளுவார்கள். இறக்கும்போதும் அப்படித்தான். எண்பதுகளில் செய்த கனத்த பைபர் போட் ஒன்றை நகர்த்த எட்டுப் பேருக்குக் குறையாமல் வேண்டும். கை கிடைக்காத போட் வெயிலில் கிடந்து வெடிக்க வேண்டியதுதான்.

கௌசிகா வீட்டுப் போட்டில் ஏழு வருடமாக ஒருவரும் கை வைக்கவில்லை.

ஏழு வருடத்துக்கு முன், குடா வாயிலிருந்து முழு வேகத்தில் திரும்பி வரும்போது அந்தப் போட்டின் பின்பலகை பிய்ந்தது. இஞ்சின் மாட்டியிருக்கும் பலகை அது. இஞ்சின் பலகையோடு கடலுக்குள் விழுந்தது. திறந்த பின்பக்கத்தால் தண்ணீர் ஏறிப் போட் கவிழ்ந்தது. உள்ளே இருந்தவர்கள் இரண்டு பேர்: கௌசிகாவின் கணவன் தனஞ்சயன், அவன் தம்பி சிந்துஜன். தனஞ்சயன் கவிழ்ந்த போட்டைப் பிடித்துக்கொண்டு மிதந்தான். சிந்துஜனை மறுநாள்தான் எடுத்தார்கள்.

அதற்கு முதல் நாள் கௌசிகா அந்தப் போட்டுக்குள் ஏறியிருந்தாள். முன்பக்கத்தில் இருந்த வெடிப்பை ஒட்டுவதற்காக. கரைக்கு அது போதுமாக இருந்தது. பெண் கால் பட்ட போட், ஆளைக் கொண்டுபோய்விட்டது என்றார்கள்.

செத்த வீட்டிலேயே அவள் மாமியார் கனகம்மாவிடம் சொன்னாள்: "மாமி, நான் ஒட்டினது முன்பக்கம். உடைஞ்சது பின்பக்கம்."

"செத்த வீட்டில கதைக்கிற கதையே இது?" என்று பக்கத்தில் இருந்தவர்கள் கேட்டார்கள். அவள் சொன்னது சரியா பிழையா என்று ஒருவரும் கேட்கவில்லை. கனகம்மா அன்றோடு மருமகளோடு கதைப்பதை நிறுத்தினார். ஒரே வளவு, ஒரே கிணறு, ஒரே குசினி. தேவையானதைச் சுவரைப் பார்த்துச் சொல்லுவார்.

கௌசிகா கப்பல்துறைக்காரி. சாதாரண தரப் பரீட்சை முடித்த கையோடு சீனக்குடாப் பக்கம் ஒரு பைபர் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தவள். தண்ணீர்த் தொட்டியும் போட்டும் செய்கிற இடம். கண்ணாடி நார் விரிப்பை அச்சில் போட்டு, ரெசினை ஊற்றி, காற்றுக் குமிழ் இல்லாமல் உருளையால் தேய்க்கிற வேலை. மாலையில் கை முழுக்கக் கண்ணாடித் தூள் ஏறி அரிக்கும். தேங்காய் எண்ணெய் பூசி, பழைய துணியால் வழித்து எடுப்பாள். அங்கே பழகிய ஒரு பழக்கம் அவளை விட்டுப் போகவில்லை: எதைக் கண்டாலும் தட்டிப் பார்ப்பாள். தண்ணீர்த் தொட்டி, கதவு, அலுமாரி, சந்தையில் பூசணிக்காய். நல்ல பைபர் சுத்தியல் காம்பால் தட்டினால் 'டங்' என்னும். உள்ளே ஈரம் இறங்கியிருந்தால் 'தொப்' என்னும். கலியாணம் முடித்து வந்த புதிதில் கனகம்மாவே சிரித்திருக்கிறார்: "என்னையும் ஒருக்காத் தட்டிப் பார் பிள்ளை, உள்ளுக்குள்ள என்ன கிடக்குதெண்டு."

அந்தச் சிரிப்பெல்லாம் சிந்துஜனோடு போனது.

தனஞ்சயன் அதன்பின் இன்னொருவரின் போட்டில் கூலிக்குப் போனான். டைனமைட் எறிகிற போட் அது. எல்லோருக்கும் தெரியும். கடற்படைக்கும் தெரியும், மீன் வாங்க வருகிற வியாபாரிக்கும் தெரியும். முள் நொறுங்கிய மீன் கையில் தொய்ந்து கிடக்கும்போது வேறு என்ன காரணம் இருக்க முடியும்? இந்த வருடம் மாசியில் அந்தப் போட்டில் ஒருவனுடைய வலது கை மணிக்கட்டோடு போனது. பக்கத்தில் நின்ற தனஞ்சயன் காதில் இரத்தத்தோடு வீட்டுக்கு வந்தான்.

அன்றைக்குத்தான் கௌசிகா சொன்னாள். "எங்கட போட்டை நான் எழுப்பித் தாறன். அதில போங்கோ. அவன்ர போட்டில இனி ஏறாதேங்கோ."

"அந்தப் போட்டையா?" என்றான் அவன்.

"வேற எந்தப் போட் கிடக்கு?"

அவன் காதைப் பொத்திக்கொண்டான். "போட் தண்ணியில இறங்கினா இறங்குறன். இறங்காட்டி அவனிட்டத்தான் போகவேணும். வீட்டில சும்மா இருக்க ஏலாது."

போட் வளவின் வேலியோரம் கவிழ்ந்து கிடந்தது. புல் மூடியிருந்தது. அவள் புல்லை வெட்டி, உப்பைக் கழுவி, முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை காம்பால் தட்டிக்கொண்டே போனாள். டங், டங், டங். அந்தக் காலத்துப் போட்; கண்ணாடி நாரைக் கஞ்சத்தனம் இல்லாமல் போட்டிருந்தார்கள். அவள் முன்பக்கத்தில் ஒட்டிய ஒட்டு அப்படியே இருந்தது, மயிரளவு வெடிப்புக்கூட இல்லை. கிரைண்டர் பிடித்து, முகத்தில் துணி கட்டி, வெண்தூளுக்குள் நின்று வேலை செய்தாள். வீதியால் போனவர்கள் வேலிக்கு மேலால் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருத்தி மட்டும் நின்று கேட்டாள்: "இன்னும் ஆரைக் கொண்டுபோறதுக்கடி இதை எழுப்புறாய்?"

"உங்கட மனுசன் போறதெண்டா சொல்லுங்கோ, இடம் கிடக்கு," என்றாள் கௌசிகா, கிரைண்டரை நிறுத்தாமல்.

இஞ்சினுக்கு மூதூரிலிருந்து இன்பாஸ் வந்தான். இஞ்சின் திருத்துகிறவன், சிந்துஜனின் கூட்டாளியாக இருந்தவன். விபத்து நடந்த அன்று, போட்டோடு கட்டிய பாதுகாப்புக் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்த இஞ்சினைக் கரையில் போட்டபோது, அதன் வயிற்றுக்குள் மண்ணெண்ணெயும் ஒயிலும் ஊற்றி உப்புத் தின்னாமல் காப்பாற்றியவனும் அவன்தான். அதன்பின் தார்ப்பாயில் சுற்றி, கயிறு கட்டி, கொட்டிலில் போட்டார்கள். பிறகு அதை அவிழ்க்க ஒருவருக்கும் மனம் வரவில்லை.

"தங்கச்சி, இந்த இஞ்சினுக்கு என்ட வாப்பாட வயசு," என்றான் இன்பாஸ், கயிற்றை வெட்டிக்கொண்டே. "வாப்பாவும் இப்பிடித்தான். காலையில நாலு தரம் இருமினாத்தான் எழும்புவாரு."

தார்ப்பாய் விரிந்தது. கௌசிகாவும் தனஞ்சயனும் இன்பாஸும் குனிந்து பார்த்தார்கள்.

இஞ்சினின் கிளாம்ப், தான் கடைசியாகப் பிடித்ததை இன்னும் விடவில்லை. பிய்ந்துபோன பின்பலகையின் ஒரு பெரிய துண்டு அதன் பிடிக்குள் இருந்தது. துண்டின் உட்பக்கத்தில், பச்சை பிடித்து, உள்ளங்கை அகலத்தில் ஒரு செப்புத் தகடு. நாலு மூலையிலும் நாலு ஆணி.

அந்தக் கரையில் எல்லாப் போட்டிலும் காவலுக்கு அப்படி ஒரு மந்திரத் தகடு உண்டு. மீனவர் சங்கத் தலைவர் அருளம்பலத்தார் கோயிலில் வைத்து எடுத்து வந்து, தன் கையால் அடிப்பார். இஞ்சினுக்கு அருகில்தான் அடிக்க வேண்டும். மேலே ரெசினோ பெயின்ற்றோ பூசக்கூடாது. தகடு மூச்சுவிட வேண்டுமாம். வெள்ளிக்கிழமைகளில் அதன்மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள்.

கௌசிகா ஸ்குரூடிரைவரை எடுத்து ஆணி ஒன்றின் அடியில் வைத்தாள். அழுத்தக்கூட இல்லை. பிடி வரை உள்ளே போனது. வெளியே இழுத்தபோது, சாயம் வடித்த தேயிலைச் சக்கைபோல் கறுத்த மரத்தூள் கொட்டியது. இரண்டு பைபர் தோலுக்கும் நடுவில் இருந்த பிளைவூட் உக்கி மண்ணாகியிருந்தது. நாலு ஆணித் துளையிலிருந்தும் கறுப்பு நாலு வேர்போல் கீழே இறங்கி ஒன்றாகச் சேர்ந்திருந்தது. பிய்ந்த இடமும் அதுதான்.

"யா அல்லாஹ்," என்றான் இன்பாஸ். "அண்டைக்குத் தூக்கினது நான்தான். இத நான் பார்க்கல்லியே."

அவளுக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். ஏழு வருடம். நல்லது கெட்டதுக்கு அழைக்காத ஏழு வருடம். கடையடியில் அவள் வந்தால் கதை நின்றுபோன ஏழு வருடம். பதில் கொட்டிலுக்குள் தார்ப்பாயில் கிடந்திருக்கிறது. அவள் கிளாம்பைத் தளர்த்தித் துண்டை எடுத்தாள். "இதை இப்பவே கொண்டுபோய்ச் சங்கத்து மேசையில வைக்கிறன்."

தனஞ்சயன் அவள் கையைப் பிடித்தான். "கௌசி. அது அம்மா நேர்ந்து அடிச்சது."

அவள் நின்றாள்.

"தம்பி முதல் முதல் கடலுக்கு வரேக்க. பழைய தகடு போதாது எண்டு அம்மாதான் அருளம்பலப் பெரியப்பாட்டப் போய்க் கேட்டு அடிப்பிச்சவ. மஞ்சள் தண்ணியும் அவதான் ஊத்திறவ. ஒரு வெள்ளிக்கிழமையும் விட்டதில்லை. இதை அவ பார்த்தா என்ன நடக்கும்?"

கிணற்றடியில் கனகம்மா வாளி இறக்கும் சத்தம் கேட்டது. கௌசிகா துண்டைத் திரும்பத் தார்ப்பாயில் சுற்றினாள். குசினிக்குள் போய் விறகுக்கு அடியில் தள்ளினாள். அன்றைக்கு அவள் சோறு சாப்பிடவில்லை.

வேலை நிற்கவில்லை. புதுப் பின்பலகைக்குப் பிளைவூட்டை அடுக்கி, ஓரமெல்லாம் ரெசின் குடிக்கக் குடிக்கப் பூசி, உள்ளும் வெளியும் கண்ணாடி நார் சுற்றி மூடினாள். இஞ்சின் ஆணிகளுக்குத் துளைத்த இடங்களைக்கூட முதலில் பெரிதாகத் துளைத்து, ரெசினால் நிரப்பி, அதற்குள் திரும்பத் துளைத்தாள். மரத்தின் ஒரு மயிரிழைகூடத் தண்ணீரைக் காணாது. இன்பாஸ் இறுகிப்போன பிஸ்டனை நாளுக்கு நாள் எண்ணெய் விட்டு, மரக்கட்டையால் மெதுவாகத் தட்டித் தட்டி இளக்கினான். ஒரு பின்னேரம் தண்ணீர் நிரப்பிய பரலுக்குள் இஞ்சினை நிறுத்திக் கயிறை இழுத்தார்கள். பெட்ரோலில் நாலு தரம் இருமியது. பிறகு எழும்பியது. மண்ணெண்ணெய்க்கு மாற்றியதும் வெள்ளைப் புகை வளவை மூடியது. "வாப்பா எழும்பிட்டாரு!" என்று இன்பாஸ் கத்தினான். கனகம்மா வாசலில் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டார். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனார்.

இறக்குவதற்கு முதல் நாள் அருளம்பலத்தார் வந்தார். கெட்ட மனிதர் இல்லை. வெள்ளத்துக்கும் இடப்பெயர்வுக்கும் அந்தக் கரையை ஒன்றாகக் கட்டி வைத்திருந்தவர். போட்டைச் சுற்றி நடந்தார். பின்பலகையைத் தடவினார். "நல்ல வேலை பிள்ளை, பொய் சொல்லக்கூடாது," என்றார். பிறகு மடியிலிருந்து புதுத் தகட்டை எடுத்தார். மற்றக் கையில் சுத்தியல்.

"மாமா, ஆணி வேண்டாம்."

"என்ன?"

"தகட்டைக் கயிறில கட்டித் தொங்கவிடுங்கோ. பசை வச்சு ஒட்டித் தாறன். பலகையில ஓட்டை மட்டும் போடாதேங்கோ."

"ஆணி இறங்காத தகடு வெறும் செம்புதான் பிள்ளை. ஒரு சாவு கண்ட போட் இது. உள்ளுக்க இறங்கினாத்தான் கட்டு." அவர் ஆணியைப் பலகையில் வைத்தார்.

அவள் ஆணிக்கும் பலகைக்கும் நடுவில் தன் உள்ளங்கையை வைத்தாள். "அப்ப இதுக்கு மேலால அடியுங்கோ."

தூக்கிய சுத்தியல் அப்படியே நின்றது. தனஞ்சயன் "கௌசி, கையை எடு" என்றான். அவள் எடுக்கவில்லை.

"ஏன் வேண்டாம் எண்டு சொல்லு," என்றார் அருளம்பலத்தார். "காரணம் இருந்தாச் சொல்லு."

வாசலில் கனகம்மா நின்றார். கௌசிகா அவரைப் பார்த்தாள். வாழ்க்கை முழுக்கக் காரணம் கேட்டவள் அவள். இப்போது காரணம் கையெட்டும் தூரத்தில் விறகுக்கடியில் கிடக்க, சொல்ல முடியாமல் நின்றாள்.

"சரி," என்றார் அவர், தகட்டை மடியில் வைத்தபடி. "நாளைக்கு ஆர் கை குடுக்கினம் எண்டு பாப்பம்."

அவர் போனபின் தனஞ்சயன் வெடித்தான். "அடிக்க விட்டிருக்கலாம்! பிறகு நீ மேல ரெசின் பூசலாம்தானே?"

"பூசினா விடுவினமோ? ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வந்து பார்ப்பினம், மூச்சு விடுதோ எண்டு."

"அப்ப உண்மையைச் சொல்லு. இல்லாட்டி ஆணியை அடிக்க விடு. ரெண்டும் இல்லாட்டி திங்கக்கிழமை நான் டைனமைட் போட்டிலதான்."

"உண்மையைச் சொல்லாதையெண்டு சொன்னதே நீங்கள்தான்."

அவன் சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனான்.

காலையில் இன்பாஸ் ஒரு லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் போட்டைக் கட்டி இழுத்துக் கரை மணல் வரை கொண்டுவந்து விட்டான். அதற்கு மேல் சக்கரம் மணலில் புதைந்தது. தண்ணீருக்கு இன்னும் நல்ல தூரம். கரையில் நாற்பது பேர் இருப்பார்கள். ஒருவரும் அசையவில்லை. தனஞ்சயன், கௌசிகா, இன்பாஸ் மூன்று பேரும் விளிம்பில் கை வைத்துத் தள்ளினார்கள். போட் மணலில் ஒரு விரலளவு கூட நகரவில்லை. கனகம்மா தூரத்தில் தாழை மரத்தடியில் நின்று பார்த்தார்.

அந்த நேரம் டைனமைட் போட் கடலிலிருந்து வந்தது. நாற்பது பேரும் ஓடினார்கள். "ஏலேலோ" சொல்லித் தள்ளினார்கள். கையில்லாதவனுக்குப் பதிலாகப் புதிதாக ஒருவன் அதில் நின்றான். ஆளைக் கொல்லுகிற போட்டுக்கு நாற்பது பேரின் கை. அதிலிருந்து தப்ப நினைக்கிறவனின் போட்டுக்கு ஒன்றுமில்லை.

கௌசிகா இன்பாஸின் பையிலிருந்து சுத்தியலை எடுத்தாள். பக்கத்தில் நின்றது அருளம்பலத்தாரின் சொந்தப் போட். நேரே அதனிடம் போனாள்.

"அடி, தொடாதை!" என்று யாரோ கத்தினார்கள்.

அவள் காம்பால் பக்கச் சுவரைத் தட்டினாள். டங். இன்னும் பின்னால் போய்த் தட்டினாள். டங். பின்பலகையில், தகட்டுக்குக் கீழே தட்டினாள்.

தொப்.

அவள் தன் போட்டுக்கு வந்து பின்பலகையில் தட்டினாள். கண்ணாடிக் குடத்தில் தட்டியது போல் கேட்டது. திரும்ப அவர் போட்டில். தொப். தொப்.

"என்ன கூத்து இது?" அருளம்பலத்தாரின் குரல் உயர்ந்தது. "என்ர போட்டில கை வைக்க உனக்கு ஆர் சொன்னது?"

"கூத்தில்லை மாமா. ஒரு ஆணியைக் கழட்டிப் பாருங்கோ. ஒண்டே ஒண்டு."

"தகட்டைக் கழட்டிறதோ!"

அவருடைய மகன் கிருஷாந்த் முன்னுக்கு வந்தான். முப்பது வயது, அந்தப் போட்டில் தினமும் போகிறவன் அவன்தான். இன்பாஸிடம் குறடுக்குக் கை நீட்டினான்.

"டேய், விடடா!"

"அப்பா, நீங்கள் கரையில நிக்கிறியள். நான்தான் இதில போறன்."

ஆணி முனகாமல் வந்தது. அதன் பின்னால், துளையிலிருந்து, பழுப்பு நிறத் தண்ணீர் மெல்லியதாக வழிந்தது. நின்று நின்று வழிந்தது. கிருஷாந்த் ஸ்குரூடிரைவரை உள்ளே விட்டான். பிடி வரை போனது. அவன் அதை இழுக்காமல் அப்படியே விட்டுவிட்டு மணலில் குந்தினான். மற்றவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் தங்கள் போட்டைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"எங்கட போட்டிலயும் இப்பிடித்தானோ?"

கனகம்மா. எப்போது வந்தார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. சுவரைப் பார்த்து இல்லை, மருமகளின் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

தனஞ்சயன், "அம்மா, வாங்கோ வீட்ட போவம்," என்றான்.

"நீ வாயைப் பொத்து. சொல்லு பிள்ளை."

ஏழு வருடத்துக்குப் பிறகு அந்தப் 'பிள்ளை'. ஒரு பொய் போதும், அந்த மனுசி நிம்மதியாகச் சாவார். ஆனால் ஒரு பொய்யில்தான் கௌசிகா ஏழு வருடம் வாழ்ந்திருந்தாள்.

"ஓம் மாமி. பலகை உக்கித்தான் பிஞ்சது." அவள் விடாமல் சொன்னாள். "அடிச்சவருக்கும் தெரியாது. அடிக்கச் சொன்ன ஆளுக்கும் தெரியாது. ஒருத்தருக்கும் தெரியாது."

"உனக்கு எப்ப தெரியும்?"

"இஞ்சினை அவிழ்த்த அண்டைக்கு."

"அது எங்க?"

"குசினியில. விறகுக்குக் கீழ."

கனகம்மா திரும்பி நடந்தார். யாரும் அவரோடு போகத் துணியவில்லை.

கிருஷாந்த் எழும்பினான். மணலைத் தட்டிவிட்டு வந்து கௌசிகாவின் போட் விளிம்பில் கை வைத்தான். பிறகு இன்னொருவன். பிறகு எத்தனை பேர் என்று பார்க்க நேரமில்லை. போட் சறுக்கிக்கொண்டு தண்ணீருக்குள் போனது. அருளம்பலத்தார் தன் போட்டின் அருகில், வழியும் தண்ணீரைப் பார்த்தபடி நின்றார்.

கௌசிகாவும் ஏறினாள். "முதல் ஓட்டம் நானில்லாமல் இல்லை." ஒருவரும் தடுக்கவில்லை; அல்லது தடுக்க வாய் வரவில்லை.

முதல் அலை வந்தபோது இஞ்சின் இருமிவிட்டு நின்றது. போட் குறுக்கே திரும்பியது. தனஞ்சயன் கயிறை இழுத்தான், இஞ்சின் எழும்பவில்லை. இரண்டாவது அலை விளிம்பால் உள்ளே தெறித்தது. "இழுங்கோ!" என்றாள் கௌசிகா. கயிறு அவன் கையிலிருந்து நழுவியது, ஏழு வருடத்துக்கு முந்திய அந்தத் தண்ணீர் அவன் கண்ணில் தெரிந்தது. அவள் அவன் கைமேல் தன் கையை வைத்து, இரண்டு பேருமாக இழுத்தார்கள். எழும்பியது. குடாவின் நடுவில் அவன் முழு வேகத்தைத் திறந்தபோது அவள் பின்பலகையில் உள்ளங்கையை அழுத்தி வைத்திருந்தாள். பலகை அதிர்ந்தது, ஆனால் வளையவில்லை. அவன் வேகத்தைக் குறைத்த பிறகும் அவள் கையை எடுக்கவில்லை.

திரும்பி வந்தபோது ஆட்கள் மணலில் நின்றார்கள். முன்னால் கனகம்மா நின்றார். கையில், தார்ப்பாயில் சுற்றிய அந்தப் பலகைத் துண்டு. முகம் வீங்கியிருந்தது. அவர் அதை மணலில் வைத்தார், தகடு கீழ்ப்பக்கமாக. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீருக்குள் இறங்கினார். மற்றவர்கள் கை வைக்க முதல் போட்டின் பின்பக்கம் போய், புதுப் பலகையில் இரண்டு கையையும் வைத்தார். அவர் விரல்கள் உள்ளே, தகடு இருந்திருக்க வேண்டிய இடத்தில் தடவித் தேடின. ஒன்றும் தட்டுப்படவில்லை.

"தள்ளுங்கோவன்," என்றார், யாரையும் பார்க்காமல். "என்ன பார்த்துக்கொண்டு நிக்கிறியள்?"